சொட்டுநீரில் சுத்திகரித்த கழிவுநீர்: தோப்பு மண் இறுகுவது ஏன்?

கேள்வி (தோப்புக்காரர்):
வணக்கம். கோவை மாவட்டத்தில் களிப்பாங்கான ஓர் ஏக்கரில் 70 தென்னையும் ஊடுபயிராக வாழையும் வைத்திருக்கிறேன். கிணறு வற்றிவிட்டதால், பக்கத்து நகரத்துச் சுத்திகரிப்பு நிலையத்தின் நீரை மூன்று ஆண்டுகளாகச் சொட்டுநீரில் விடுகிறேன். முதல் ஆண்டு பயிர் செழித்தது, யூரியாவைக்கூடக் குறைத்துக்கொண்டேன். இப்போது வாழை இலைகளின் ஓரம் கருகுகிறது. ஈரம் முடியும் இடத்தில் வெள்ளை வளையம் படிகிறது. மழை பெய்தால் நீர் இறங்காமல் தேங்குகிறது. நீரிலுள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸ். சிக்கனமாகத்தானே பாய்ச்சுகிறேன், மண் ஏன் கெடுகிறது?

பதில் (செம்மண்):
சுத்திகரிப்பு நிலையம் அழுக்கையும் கிருமிகளையும் குறைக்கிறதே தவிர, கரைந்த உப்பை எடுப்பதில்லை. 1.5 டெசிசீமன்ஸ் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு. மரத்துக்கு நாளொன்றுக்கு 80 லிட்டர் வீதம் 70 மரங்களுக்கு 300 நாள் விட்டால் 16.8 லட்சம் லிட்டர் ஆகிறது. அதாவது ஆண்டுக்குச் சுமார் 1,600 கிலோ உப்பு உங்கள் ஏக்கரில் இறங்குகிறது. வேர் நீரை உறிஞ்சிக்கொண்டு உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். வாய்க்காலில் பாய்ச்சிய காலத்தில் மிகுதி நீர் அதைக் கீழே கழுவியது. சொட்டுநீரில் அந்த மிகுதி இல்லாததால், ஈரத்தின் விளிம்பில் உப்பு வெள்ளையாகத் தங்குகிறது.

பதில் (களர்நிலம்):
மேலே சொன்னது உவருக்கு, அதாவது மண்ணில் உப்பு சேர்வதற்குப் பொருந்தும். நீர் தேங்குவதற்கோ சோடியத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சலவைத்தூளிலிருந்தும் சமையல் உப்பிலிருந்தும் வரும் சோடியம், களித்துகளில் ஒட்டியிருக்கும் கால்சியத்தை வெளியேற்றி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உப்புநீர் பாயும்வரை பாதிப்பு வெளியே தெரியாது. உப்பில்லாத மழைநீர் பட்டவுடன் துகள்கள் பிரிந்து மண்ணின் துளைகளை அடைத்துவிடும். கழிவுநீரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவரும் இஸ்ரேலிலும், களிமண் தோட்டங்களில் பல்லாண்டு இந்நீரைப் பாய்ச்சியபின் மண்ணில் நீர் இறங்கும் திறன் குறைந்தது. தங்கள் மண்ணின் கார அமிலநிலை எவ்வளவு?

தோப்புக்காரர்:
8.9 என்று வந்திருக்கிறது. நீரில் சோடியம் ஈர்ப்பு விகிதம் (கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்ட சோடியத்தின் அளவு) 9. ஜிப்சம் இடலாமா?

பதில் (களர்நிலம்):
8.5-ஐத் தாண்டியிருப்பதால் களர்த்தன்மை, அதாவது சோடிய மிகுதி இருக்கிறது என்றே கொள்ளலாம், ஜிப்சம் தேவைப்படும்; அதிலுள்ள கால்சியம் களித்துகளிலிருந்து சோடியத்தை விடுவிக்கும். அளவை மட்டும் ஊகத்தில் முடிவுசெய்யாதீர்கள். சொட்டுவானுக்கு அடியிலும் வெள்ளை வளையத்திலும் தனித்தனியாக, ஓரடி, ஈரடி ஆழங்களில் மண் எடுத்து, ஜிப்சம் தேவையைக் கணக்கிட்டுத் தரும்படி ஆய்வகத்தில் கேளுங்கள். வடிகால் இல்லாமல் ஜிப்சம் இட்டால், விடுபட்ட சோடியம் வேரடியிலேயே நிற்கும். ஆகவே முதலில் வடிகால் வெட்டி, பிறகு ஜிப்சத்தைக் கிளறிவிட்டு, அதன்பின் நன்னீரோ மழைநீரோ தேங்கி இறங்கும்படி செய்யுங்கள். பசுந்தாள் உரச்செடியான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் மண் பொலபொலப்பாகும்; தென்னை வேர் அறுபடாதபடி மேலாக உழுங்கள்.

பதில் (செம்மண்):
ஒன்று சேர்க்க விரும்புகிறேன். கோடைக்குப்பின் முதல் தூறல் விழுந்ததும் எல்லோரும் மோட்டாரை நிறுத்திவிடுகிறோம். அன்றுதான் நிறுத்தக் கூடாது. சிறு மழை விளிம்பிலுள்ள உப்பைக் கரைத்து வேரை நோக்கித் தள்ளும். சொட்டுநீர் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது வெளியிலேயே நிற்கும். நல்ல கனமழை பெய்து உப்பு கீழே இறங்கியபிறகு நிறுத்திக்கொள்ளலாம்.