'ஸ்ட்ரேஞ்சர்': அந்நியரா, அயலாரா, ஏதிலாரா?

க. எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பும் செயலி ஒன்றின் இடைமுகத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமையோடு சரங்களை, அதாவது திரையில் தோன்றும் சொற்றொடர்களை, மாற்ற முடியாதபடி பூட்டிவிடுவார்கள். 'ஸ்ட்ரேஞ்சர்' (stranger, முன்பின் தெரியாதவர்) என்ற ஆங்கிலச் சொல் மூன்று இடத்தில் வருகிறது: தனியுரிமைப் பக்கத்தில் ஒரு பொத்தான், கோரிக்கை வந்ததைச் சொல்லும் அறிவிப்பு, சிறுவர் கணக்குக்கான எச்சரிக்கை. வரைவில் 'அந்நியர்' என்று இருக்கிறது. பொத்தானில் 12 எழுத்தைத் தாண்டினால் வெட்டுப்படும்.

ந. எழுதியது:
அந்நியர் வேண்டாம். வடசொல் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்நியர் ஆட்சி, அந்நியச் செலாவணி என்று பழகிய காதுக்கு அது வெளிநாட்டவரைத்தான் குறிக்கும். ஆங்கிலச் சொல்லுக்கு நாட்டோடு தொடர்பில்லை. அடுத்த தெருக்காரர் முகம் தெரியாதவரென்றால் அவர் ஸ்ட்ரேஞ்சர். வேறு நாட்டிலிருக்கும் நண்பர் ஃபாரினர்தான், ஸ்ட்ரேஞ்சர் அல்லர். தவிர, அந்நியர், அன்னியர் என்று இரண்டு எழுத்துக்கூட்டல் உண்டு. ஒன்றைத் தட்டித் தேடினால் மற்றது அகப்படாது.

செ. எழுதியது:
குறள் 1099 இருக்க ஏன் தடுமாற்றம்? 'ஏதிலார் போலப் பொதுநோக்கு நோக்குதல்.' முன்பின் அறியாதவரைப் பார்க்கும் பார்வை அது. ஏதிலார் என்பதே இங்கே பொருந்தும் சொல். இன்னும் நுட்பமாக வேண்டுமா, நொதுமலர்: நட்பும் இல்லை, பகையும் இல்லை. அகத்துறையில் 'நொதுமலர் வரைவு' என்றால் தலைவியைப் பெண்கேட்டு வரும் பிறர். சங்கப் பாலைப் பாட்டில் வழிப்போக்கரைக் குறிக்கும் வம்பலரையும் பாருங்கள். வம்பு என்றால் புதுமை; தொல்காப்பியம் 'நிலையின்மை' என்கிறது. விருந்துக்கும் முதற்பொருள் புதுமையே, ஆகவே விருந்தினரும் ஒருகாலத்தில் புதியவர்தாம். லத்தீனில் 'ஹோஸ்டிஸ்' முதலில் அயலார், பிறகு பகைவர். அதே வேரில் பிறந்த ஆங்கில 'கெஸ்ட்' விருந்தினர் ஆகிவிட்டது. 'ஸ்ட்ரேஞ்சர்' என்பதோ 'வெளியே' என்ற லத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது.

மா. எழுதியது:
செ. ஐயா, ஏதிலி என்றால் ஈழத் தமிழில் அகதி. 'ஏதிலாரிடமிருந்து 3 கோரிக்கைகள்' என்று திரையில் வந்தால் தஞ்சக் கோரிக்கை என்றுதான் எங்கள் ஆட்கள் வாசிப்பார்கள். வம்பலர் என்று பிள்ளைகளிடம் சொன்னால் வம்புக்கு வருகிறவர் என்று எடுத்துக்கொள்வார்கள். அயலாரும் சரிவராது. அயலவர் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், பொருள் நேர்மாறாகிவிடும்.

ந. எழுதியது:
அப்படியானால் 'தெரியாதவர்'. ஆனால் ஒரு சிக்கல். தெரியாதவர் என்று தனியே நின்றால் 'விவரம் தெரியாதவர்' என்றும் படும்; அறியாதவருக்கும் இதே குறை. நான்காம் வேற்றுமையை முன்னால் வைத்தால் தீரும்: எனக்குத் தெரியாதவர். 11 எழுத்து, பொத்தானில் அடங்கும். 'அறிமுகமில்லாதவர்களிடமிருந்து' 17 எழுத்து, அடங்கவே அடங்காது.

அறிவிப்பில் 'உங்களுக்குத் தெரியாத 3 பேரிடமிருந்து கோரிக்கை' என்று வையுங்கள். ஒருமைக்குத் தனிச் சரம் கட்டாயம் வேண்டும். விட்டால் '1 பேரிடமிருந்து' என்று வந்து நிற்கும். அங்கே 'ஒருவரிடமிருந்து'. சிறுவர் எச்சரிக்கை: 'உனக்குத் தெரியாதவர் கேட்டால் படமோ முகவரியோ அனுப்பாதே.'

க. எழுதியது:
உதவிப் பக்கத்தில் சொல்விளக்கம் ஒன்றும் கேட்கிறார்கள். மற்றப் பயன்பாடுகளுக்கு என்ன போடலாம்?

ந. எழுதியது:
'ஐ ஆம் எ ஸ்ட்ரேஞ்சர் ஹியர்' என்றால் 'நான் ஊருக்குப் புதிது'. வழி கேட்டால் சொல்லும் பதில். 'நோ ஸ்ட்ரேஞ்சர் டு' என்பது 'அது அவருக்குப் பழகினதுதான்'. 'ஹலோ, ஸ்ட்ரேஞ்சர்' என்று நண்பரையே அழைத்தால், 'என்ன, ஆளையே காணோம்!' இந்த மூன்றிலும் எந்தப் பெயர்ச்சொல்லையும் நுழைக்காதீர்கள், வாக்கியமாகவே பெயருங்கள். சட்டத்துறையில் என்றால், ஒப்பந்தத்தில் சேராதவர். பிரிட்டிஷ் மக்களவையில் பார்வையாளரைக்கூட 2004 வரை இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். 'இன்னும் விசித்திரமான' என்ற உரிச்சொல்லும் அதே எழுத்துக்கூட்டல்தான். 'than' என்ற ஆங்கிலச் சொல் பின்னால் வந்தால் பெரும்பாலும் அது.

மா. எழுதியது:
எனக்குத் தெரியாதவர் என்பதற்கு என் ஆதரவு.

க. எழுதியது:
மூவர் உடன்பாடு. சரத்தை மாற்றிவிட்டேன்.

செ. எழுதியது:
சரத்துக்குப் போதும். கலைச்சொல்லுக்குப் போதாது. 'எனக்குத் தெரியாதவர்' ஒரு தொடர். அதிலிருந்து இன்னொரு சொல்லை ஆக்க முடியாது. ஏழெட்டு மாதக் குழந்தை புது ஆளைக் கண்டு அழுவதற்கு உளவியலில் 'ஸ்ட்ரேஞ்சர் ஆங்சைட்டி' என்று பெயர். தெரியாதவர் அச்சம் என்றால் யாருடைய அச்சம்? வீட்டில் எல்லோரும் 'பிள்ளை வேற்றுமுகம் பார்க்கிறது' என்கிறார்கள். சொல் அங்கே தயாராக இருக்கிறது. வேற்றுமுகம் இருந்தால் வேற்றாளும் இருக்கலாம். நான்கே எழுத்து.

மா. எழுதியது:
'ஆள்' மரியாதைக் குறைவாகப் படாதா? கோரிக்கை அனுப்பியவர் பிள்ளையின் புது ஆசிரியராகவும் இருக்கலாமே.

செ. எழுதியது:
அப்படியானால் வேற்றார். என் வாக்கு அதற்கே. அடுத்த பதிப்புக்காவது குறித்து வையுங்கள்.