ஸ்ரீநகர் – லே விமான நிலையங்கள்: 256 கி.மீ.க்கு இரண்டு நாளா?

கேள்வி:
வணக்கம். மே மாதக் கடைசியில் 62 வயதான என் தாயாரை அழைத்துக்கொண்டு காஷ்மீரும் லடாக்கும் செல்லவிருக்கிறேன். ஸ்ரீநகர், லே விமான நிலையங்களுக்கு இடையே 256 கி.மீ. என்றும், காரில் 3 மணி 39 நிமிடம், விமானத்தில் 49 நிமிடம் என்றும் ஓர் இணையக் கணிப்பான் காட்டியது. அதை நம்பி, காலை 11 மணிக்கு ஸ்ரீநகரில் இறங்கி, அன்று மாலைக்குள் காரில் லே சேர்ந்து, மூன்றாம் நாள் காலை அங்கிருந்து தில்லி திரும்பும்படி பயணச்சீட்டும் எடுத்துவிட்டேன். டாக்சிக்காரரோ, வழியில் கார்கிலில் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும் என்கிறார். வாடகையைக் கூட்டுவதற்காகச் சொல்கிறாரா, கணிப்பான் தவறா?

பதில் 1:
டாக்சிக்காரரைச் சந்தேகிக்க வேண்டாம். 256 கி.மீ. என்பது வரைபடத்தில் இரு புள்ளிகளுக்கு நடுவே கோடு இழுத்தால் கிடைக்கும் வான்வழித் தொலைவு. அந்த அளவில் அது சரியே. அதை 70ஆல் வகுத்துப் பாருங்கள், உங்கள் 3 மணி 39 நிமிடம் வந்துவிடும். 800ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் 49 நிமிடம். நடுவில் இமயமலை இருப்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. சாலைவழித் தொலைவு ஏறக்குறைய 420 கி.மீ.

பதில் 2:
இந்தச் சாலையில் சென்று வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 2025 ஜனவரியில் திறந்த 6.5 கி.மீ. சுரங்கப்பாதையால் சோன்மார்க் வரை தொல்லை குறைந்துவிட்டது. அதற்கு மேலே 3,528 மீட்டர் உயரத்தில் இருக்கும் சோஜிலா கணவாய்தான் நேரத்தை விழுங்கும். ஒரு பக்கம் ஈரம் கசியும் பாறை, மறுபக்கம் தடுப்பே இல்லாத பள்ளம். எதிரே ராணுவ லாரிகள் வரிசையாக வந்தால் ஒதுங்கி நிற்பதைத் தவிர வழியில்லை. கார்கிலைத் தாண்டியபின் சாலை நன்றாகவே இருக்கும், ஆனால் 4,108 மீட்டரில் போட்டுலா கணவாயை ஏறி இறங்க வேண்டும். தாயார் உடன் வருவதால் கார்கிலில் தங்குவதே நல்லது: ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், கார்கில் 2,700, லே 3,250 என்று உடல் படிப்படியாகப் பழகும்.

கேட்டவர்:
விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் விமானத்திலேயே போய்விடலாமா?

பதில் 1:
இவ்விரு ஊர்களுக்கும் நேரடி விமானம் அரிது. உங்கள் தேதியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையேல் தில்லி வழியாக ஏறக்குறைய 1,260 கி.மீ. பறந்து, நடுவே காத்திருந்து சேர வேண்டும். மதியத்துக்குமேல் பள்ளத்தாக்கில் காற்று வலுப்பதாலும், வெயில் ஏற ஏற அந்த உயரத்துக் காற்று மேலும் மெலிந்து விமானம் எழும்பச் சிரமப்படுவதாலும், லேயில் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்துபோகும். ஆகவே ஸ்ரீநகரிலிருந்து தில்லி வந்து அன்றே லே விமானத்தைப் பிடிப்பது கடினம். ஸ்ரீநகரில் நிலையத்துக்கு வெகுமுன்பே வெளிவாயிலில் எல்லோரையும் இறக்கிப் பெட்டிகளைச் சோதிப்பார்கள். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

கேட்டவர்:
லே – தில்லிச் சீட்டை மூன்று நாள் தள்ளி மாற்றிவிட்டேன். முதல் இரவு ஸ்ரீநகர், மறுநாள் கார்கில், பிறகு லே. டாக்சிக்காரரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். காலை 5 மணிக்கே கிளம்பத் தயாராக இருக்கச் சொன்னார்.

பதில் 2:
5 மணி என்றால் 5 மணிக்கே கிளம்புங்கள். சோஜிலாவில் சில நேரம் ஒரு திசை வண்டிகளை மட்டுமே விடுவார்கள். அந்த நேரம் தவறினால் சோன்மார்க்கிலேயே பாதி நாள் போய்விடும்.