டிஎச்ஏ சவ்வுக் குமிழ்கள்: ஆஸ்மோமீட்டர், நைட்ரஜன் கிடைக்குமா?

வணக்கம். ராயபுரம் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்காகக் கேட்கிறேன். லிப்பிட் (கொழுப்பு மூலக்கூறு) சவ்வாலான நுண்குமிழ்களில், கொழுப்பு அமிலம் மாறினால் சவ்வு எவ்வளவு எளிதாக வளைகிறது என்று அளக்கிறோம். டிஓபிசி (ஒலெயிக் அமில வால்கள் உள்ள லிப்பிட்) குமிழ்களில் சிக்கல் இல்லை. வளைவு விறைப்பு 10⁻¹⁹ ஜூல் அளவில் நிலையாக வருகிறது. டிஎச்ஏ (ஒமேகா-3 கொழுப்பு அமிலம்) வால் உள்ள லிப்பிட்டைச் சேர்த்தால்தான் எண்கள் தாவுகின்றன. ஆறு இரட்டைப் பிணைப்பு இருப்பதால் விறைப்பு குறைய வேண்டும். சில தொகுதிகளில் குறையவே இல்லை.

செய்முறை: ஐடிஓ பூசிய மின்கடத்தும் கண்ணாடியில் லிப்பிட் படலம், வெற்றிடத்தில் 2 மணி நேரம், 300 மில்லிமோலார் சுக்ரோஸ், குமிழ் வளர 10 ஹெர்ட்ஸ், 1 வோல்ட் மாறுமின்புலம். பிறகு குமிழ் தளர, சற்றே செறிவு கூடிய குளுக்கோஸ் கரைசல்.

சந்தேகம் இரண்டு. ஒன்று, டிஎச்ஏ ஆக்சிஜனேற்றம். அதன் அடையாளமான 234 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல் ஏறுகிறது, அதனால் இது வெறும் ஊகமல்ல. படலத்தைக் காயவைக்கும்போதே காற்று படுகிறது. மின்புலமும் தன் பங்குக்குக் கெடுக்கும். இன்னொன்று, இந்த வெயிலில் திறந்த அறைக்கூட்டிலிருந்து நீர் ஆவியாகி வெளிக் கரைசல் மேலும் அடர்ந்துபோவது.

தேவை:
- தண்டையார்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடி வட்டாரத்தில் உறைநிலை ஆஸ்மோமீட்டர் (கரைசலின் செறிவை அளக்கும் கருவி), ஒரு மதியம் போதும்.
- சிறிய நைட்ரஜன் சிலிண்டர், ரெகுலேட்டரோடு.
- லிப்பிட்டோடு பிஎச்டி (BHT, ஆக்சிஜனேற்றத் தடுப்பான்) சேர்த்து அளந்தவர்கள் இருந்தால், எத்தனை மோல் சதவீதம் வரை விறைப்பு மாறவில்லை என்று சொல்லுங்கள். எங்களுக்கு இதுதான் முக்கியம்.

தனி ஒலெயிக் அமிலத்தை வெளியிலிருந்து ஊற்றிப் பார்க்கச் சொல்லாதீர்கள். அது முதலில் வெளி அடுக்கில் நுழைந்து பரப்பைக் கூட்டும், குமிழ் மொட்டுவிடும். அது வேறு சோதனை.