தோழர் என்.சங்கரய்யா: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வைகைக்கரை:
மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் தலைவர் சங்கரய்யா, நமக்கெல்லாம் என்.எஸ்., மேடையில் பேசிக் கேட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். நான் கேட்டது எங்கள் தெருமுனையில். 1980 தேர்தல் முடிந்த பிறகு, மதுரை கிழக்குத் தொகுதி. குழாயில் தண்ணீர் வருவதில்லை என்று தெருப் பெண்கள் சேர்ந்து மனு எழுதி வைத்திருந்தார்கள். பாதிப் பேர் கையெழுத்து, பாதிப் பேர் கைநாட்டு. அம்மாவும் கைநாட்டுதான். நான் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற வயசு.

எங்கள் எம்.எல்.ஏ.வான என்.எஸ். மனுவை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் அங்கேயே நின்று வாசித்தார், சத்தமாக. அந்தக் குரல் உங்களுக்குத் தெரியும், மைக் தேவைப்படாத குரல். மனுவோடு நிறுத்தவில்லை. கீழே இருந்த பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார். ரேகைக்குப் பக்கத்தில் யாரோ எழுதி வைத்திருந்த எங்கம்மா பெயரும் வந்தது. எங்கள் வீட்டில் அப்பா அம்மாவை "ஏய்" என்றுதான் கூப்பிடுவார், ஊரில் இன்னார் சம்சாரம். அம்மாவின் முழுப் பெயரை ஓர் ஆம்பளை நடுத்தெருவில் மரியாதையாகச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அம்மா சட்டென்று தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

தண்ணீர் எப்போது வந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. கேட்க அம்மாவும் இப்போது இல்லை. அந்த நிமிஷம் அவருக்கு எப்படி இருந்தது என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

குரோம்பேட்டைவாசி:
நல்ல பதிவு. ஆனால் 1980 என்று மட்டும் எழுதினால் புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் அவர் அப்போதுதான் சட்டமன்றத்துக்குப் போனார் என்று நினைப்பார்கள். 1967இல் மதுரை மேற்கு, 1977இல் மதுரை கிழக்கு, 1980இல் மறுபடியும் மதுரை கிழக்கு. மூன்று தடவை. அதற்கெல்லாம் முன்னாலேயே அவருக்கு ஒரு முழு வாழ்க்கை முடிந்திருந்தது. வேலூர் சிறை, கண்ணூர் சிறை, தஞ்சாவூர் சிறை. வேலூரில் 19 நாள் உண்ணாவிரதம். 1946 கடைசியில் கம்யூனிஸ்டுகள் மேல் போட்ட மதுரைச் சதி வழக்கு. நாட்டுக்கு விடுதலை கிடைப்பதற்கு முந்தின நாள், 1947 ஆகஸ்ட் 14, நீதிபதி சிறைக்கே வந்து வெளியே விட்டார். அடுத்த வருஷமே கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை, தலைமறைவு. மொத்தம் எட்டு வருஷம் சிறை. இந்த மனிதர் வந்துதான் உங்கள் தெருக்குழாய் மனுவை வாசித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான் பார்த்தது கடைசிக் காலத்தில். 2021 ஜூலை 15, அவருக்கு நூறு வயது. கொரோனா நேரம், எல்லாரும் முகக்கவசத்தோடு வரிசையில் நின்றோம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், உடம்பு சுருங்கியிருந்தது. நான் கும்பிட்டேன். அவர் முஷ்டியை உயர்த்தினார். கும்பிட்ட கையை என்ன செய்வது என்று தெரியாமல் நானும் முஷ்டியாக்கினேன். வாழ்நாளில் ஒரு கட்சிக் கூட்டத்துக்கும் போகாதவன் நான். அந்த மாதக் கடைசியில் அரசு முதலாவது தகைசால் தமிழர் விருதை அவருக்கு அறிவித்தது. 10 லட்சம் ரூபாயையும் முதலமைச்சர் நிவாரண நிதிக்கே கொடுத்துவிட்டார்.

வரலாற்று மாணவி:
அமெரிக்கன் கல்லூரி, மதுரை. நாங்கள் படித்த காலத்தில் ஒரு நிகழ்ச்சிக்காக மதுரை வந்தவர், கல்லூரிக்குள்ளும் ஒரு நடை வந்துவிட்டுப் போனார். அவரும் 1937இல் இங்கே சேர்ந்து வரலாறு படித்தவர். மெயின் ஹால் பக்கம் நடந்தபோது ஒரு வகுப்பறை வாசலில் நின்று, இந்தப் பருவத்தில் என்ன பாடம் நடக்கிறது என்று என்னிடம் கேட்டார். நவீன இந்தியா என்றேன். எதுவரைக்கும் வந்திருக்கிறீர்கள் என்றார். 1942 என்றேன். தலையை ஆட்டிவிட்டு நடந்தார், வேறொன்றும் சொல்லவில்லை. அந்த வருஷத்தில் அவர் எங்கே இருந்தார் என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆதரவாகப் போராடியதற்காக 1941 பிப்ரவரி 28இல் கைது. பி.ஏ. கடைசித் தேர்வுக்குப் பதினைந்து நாள்தான் பாக்கி. 18 மாதம் உள்ளே. பட்டம் போயே போய்விட்டது.

அதனால்தான் 2023இல் நடந்தது தாங்கவே முடியவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்கத் தீர்மானம் போட்டது, வேந்தரான ஆளுநர் கையெழுத்துப் போடவில்லை. நவம்பர் 2ஆம் தேதி பட்டமளிப்பு விழாவை உயர்கல்வி அமைச்சர் பொன்முடி புறக்கணித்தார். நவம்பர் 15ஆம் தேதி என்.எஸ். போய்விட்டார். ஒரே மனிதருக்கு அதே மதுரையில் இரண்டு தடவை பட்டம் கைக்கு வராமல் போனது. 82 வருஷ இடைவெளி.

நொய்யல்:
வரலாற்று மாணவி அவர்களுக்கு, கோபம் நியாயம்தான். ஆனால் பட்டம் "போய்விட்டது" என்று எழுதாதீர்கள். அவர் தொலைக்கவில்லை. பதினைந்து நாள் வாய்மூடி இருந்திருந்தால் பி.ஏ. என்று போட்டுக்கொண்டு நல்ல உத்தியோகத்துக்குப் போயிருக்கலாம். அது தெரிந்தேதான் தெருவில் இறங்கினார். அதைப் பரிதாபமாக ஆக்கினால் அவருடைய முடிவின் எடை குறைந்துபோகும். 2023இல் இழப்பு பல்கலைக்கழகத்துக்கு, அவருக்கு இல்லை.

நான் கோயம்புத்தூர். 1997 நவம்பர் கலவரமும் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பும் எங்கள் தெருவுக்கு என்ன செய்தன என்று இங்கே எழுத மாட்டேன். அப்போது அவர் கட்சியின் மாநிலச் செயலாளர், எழுபத்தைந்து வயது தாண்டியவர். ஒற்றுமைக் கூட்டம் என்று அறிவித்தபோது, யார் போவார்கள் என்று அப்பா கேட்டார். கேட்டுவிட்டு அவரே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார், பின்னாலேயே நானும். எங்கள் எதிர்வீட்டு பாய் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். மாதக்கணக்காக அப்பாவும் அவரும் பேசிக்கொள்ளவில்லை. என்.எஸ். என்ன பேசினார் என்று ஒரு வாக்கியம்கூட எனக்கு நினைவில்லை. அவர் பேசப் பேச அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நகர்ந்து போய் பாய் பக்கத்தில் நின்றதுதான் ஞாபகம் இருக்கிறது. திரும்பி வரும்போது மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் வந்தோம்.

பழைய தாள்:
நான் அவரை ஒரே ஒரு தடவை ரயில் நிலையத்தில் பார்த்தேன், கையில் பத்திரிகையோடு. வணக்கம் சொன்னேன், பதிலுக்கு வணக்கம் சொன்னார். அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வைகைக்கரை, உங்கள் தெருவில் அன்றைக்கு இருந்த பெண்களில் யாராவது இன்னும் இருப்பார்கள். போய்க் கேளுங்கள், செல்போனில் பதிவு செய்யுங்கள். நடுவில் அழைப்பு வராதபடி ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். எந்த வருஷம் என்று ஆரம்பிக்காதீர்கள், பெரியவர்கள் தயங்கி நின்றுவிடுவார்கள். தண்ணீர் எங்கே பிடித்தீர்கள், எத்தனை குடம், யார் கூட வந்தார்கள் என்று கேளுங்கள், வருஷம் தானாக வரும். பேச்சு நின்றால் உடனே அடுத்த கேள்வி போடாமல் கொஞ்சம் காத்திருங்கள். வீட்டுக்கு வந்ததும் வேறு இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். எங்கள் தாத்தா சிறை அனுபவம் சொன்ன கேசட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, பூஞ்சை பிடித்துப் போனது.

அடுத்து, அந்த மனு பற்றி. எம்.எல்.ஏ. தொகுதிப் பிரச்சினையைப் பேரவையில் கேள்வியாக எழுப்பியிருந்தால் அது நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகியிருக்கும். அந்த அச்சு நூல்களைப் பெரிய நூலகங்களில் தேடலாம். முதலில் கன்னிமாராவில் கேட்டுப் பாருங்கள். உறுப்பினர் பெயரைப் பிடித்துத் தேடுங்கள், மதுரை, குடிநீர் என்ற சொற்களோடு. அந்தக் காலத் துண்டறிக்கை, பத்திரிகைகளுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். என்.எஸ். முதல் ஆசிரியராக இருந்த கட்சிப் பத்திரிகை தீக்கதிரின் பழைய இதழ்களும் முக்கியம், தொகுதிச் செய்திகள் அதில்தான் விரிவாக இருக்கும். கோட்டையில் பேசிய பேச்சைவிட இந்த மாதிரித் தெருச் செய்திகளில்தான் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வேலை தெரியும் என்பது என் எண்ணம்.

வைகைக்கரை:
எதிர்வீட்டு அத்தை ஒருவர் இருக்கிறார் ஐயா. காது மந்தம், ஞாபகம் தெளிவு. போகிறேன்.

செவ்வந்தி:
எல்லாரும் சிறை, சட்டமன்றம், விருது என்றே எழுதுகிறீர்கள். அவர் மனைவி நவமணி அம்மாவை ஒருவர்கூடச் சொல்லவில்லையே! சிறையிலிருந்து வந்து ஒரு மாதம் தாண்டியதுமே, 1947 செப்டம்பர் 18இல் நடந்தது அவர்கள் கல்யாணம். அம்மா கிறிஸ்தவக் குடும்பம், ஆசிரியை, தானும் கட்சிக்காரர். கணவர் தலைமறைவாகவும் சிறையிலும் இருந்த வருஷங்களில் ஒரு பெண் எப்படிக் குடும்பத்தை நடத்தியிருப்பார் என்று யோசியுங்கள். அவர் சம்பளத்துக்கும் அந்தப் பொதுவாழ்க்கையில் பங்கு உண்டு.

எங்கள் கல்யாணத்துக்கு என்.எஸ்.தான் தலைமை. சாதி மறுப்புத் திருமணம். என் வீட்டிலிருந்து அம்மா மட்டும் வந்தார், அதுவும் மாமாவுக்குத் தெரியாமல், மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒதுங்கி நின்றார். வாழ்த்திப் பேசும்போது தன் குடும்பத்தில் எத்தனை சாதி, எத்தனை மதம் கலந்திருக்கிறது என்று அவர் பெருமையாகச் சொன்னார். மாலை மாற்றினோம். முடிந்ததும் இறங்கி நேராகக் கடைசி வரிசைக்கு நடந்தார். யார் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவ்வளவு பெரிய குரலை அவ்வளவு தணித்திருந்தார். பிறகு அம்மா தானாகவே மேடைக்கு வந்து எங்கள் இருவருக்கும் திருநீறு பூசினார். எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், "அது எனக்கும் அந்தப் பெரியவருக்கும் உள்ள பேச்சுடி" என்பதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்கிறார்.