185 ஸ்கீ எடுக்கலாமா? அவசரம்

மழைக்காலன்:
வணக்கம். பழைய பனிச்சறுக்கு ஸ்கீ ஒன்று விலைக்கு வருகிறது. பூட்ஸை ஸ்கீயில் பிடிக்கும் பைண்டிங்கோடு 120 டொலர். நீளம் 185 செ.மீ. என்று எழுதியிருக்கிறது, கீறல் பெரிதாக இல்லை. நாளை பின்னேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். எடுக்கலாமா?

கொலிங்வுட்காரன்:
உங்கள் உயரம், நிறை? எத்தனை காலமாகச் சறுக்குகிறீர்கள்? எந்த மலை?

வெண்பனி:
முதலில் பூட்ஸ் வாங்குங்கள், ஸ்கீ அப்புறம். உள்ளுறையை வெளியே எடுத்துவிட்டு வெறும் கோதுக்குள் காலை விடுங்கள். விரல் நுனி முன்னால் முட்டும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒன்று, ஒன்றரை விரல் இடம் இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் பெரிய சைஸ். கால் உள்ளே ஆடினால் எந்த ஸ்கீயும் சொல்வழி கேட்காது.

தலைச்சறுக்கர்:
வாராவாரம் இதே கேள்வி. கொஞ்சம் தேடிப் படித்துவிட்டு வந்தால் என்ன?

அகலப்பலகை:
நீளத்தை விடுங்கள், அகலத்தைப் பாருங்கள். நடுவில் 95 மி.மீ.க்குக் குறைந்தால் வேண்டாம். நான் எல்லாவற்றுக்கும் அதுதான்.

கொலிங்வுட்காரன்:
@அகலப்பலகை அது மேற்கே விஸ்லர் மலையின் புதுப்பனிக்குச் சரி. ஒன்ராறியோ மலைகளில் காலையில் பாதி ஐஸ். 75 முதல் 82 வரை இருந்தால்தான் விளிம்பு சட்டென்று கடிக்கும்.

மழைக்காலன்:
எனக்குத்தான். 5 அடி 6, 68 கிலோ. புளூ மவுண்டன். போன வருடம் தொடங்கினேன். சுலபமான பச்சைப் பாதை பரவாயில்லை, அடுத்த படியான நீலத்தில் கால் நடுங்குகிறது. 185க்குப் பக்கத்தில் ஆர் 27 என்றும் இருக்கிறது.

கொலிங்வுட்காரன்:
ஐயோ, வேண்டாம் தம்பி. ஆர் 27 என்றால் அந்த ஸ்கீயின் இடுப்பு வளைவு 27 மீற்றர் ஆரமுள்ள வட்டத்துக்கு வெட்டியது. ஜயன்ட் ஸ்லாலம், அதாவது கம்பங்களைச் சுற்றி வேகமாக இறங்கும் ரேஸுக்கான ஸ்கீ அது. நல்ல வேகம் இருந்தால்தான் வளையும். நீங்கள் நீலத்தில் பிரேக் பிடிக்கிற வேகத்தில் நேரே போய்க்கொண்டே இருக்கும். புளூ மவுண்டனின் மொத்த இறக்கமே 219 மீற்றர். உங்களுக்கு 155 முதல் 160, ஆர் 13, 14 போதும்.

வெண்பனி:
பைண்டிங்கையும் பாருங்கள். பழையதென்றால், தயாரித்த கம்பனி இன்னும் பொறுப்பேற்கும் பைண்டிங் பட்டியலில் இல்லை என்று கடைக்காரர் கையே வைக்கமாட்டார். விழும்போது கழன்றுவிடும் இறுக்கத்தை நிறை, உயரம், வயது, பூட்ஸின் அடி நீளம், நீங்கள் சறுக்கும் விதம் எல்லாம் பார்த்துத்தான் வைப்பார்கள். வீட்டில் ஸ்குரூ டிரைவரோடு இறங்காதீர்கள்.

பழையதடி:
இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நீளம் என்றாலே பயம். நாங்கள் இரண்டு மீற்றரில்தான் பழகினோம்.

தலைச்சறுக்கர்:
@பழையதடி அன்று ஸ்கீ நேராக இருந்தது, அதனால் நீளம் தேவைப்பட்டது. 1993இல் இடுப்பு வளைந்த ஈலான் எஸ்சிஎக்ஸ் ஸ்கீ வந்தபிறகு கதையே மாறிவிட்டது.

பழையதடி:
வளைவு வந்ததால் கால் வேலை செய்ய மறந்துவிட்டது என்கிறேன்.

அகலப்பலகை:
நீளமும் இல்லை, வளைவும் இல்லை. அகலம்!

கொலிங்வுட்காரன்:
கேட்டவர் எங்கே?

மழைக்காலன் (நான்கு நாள் கழித்து):
எடுக்கவில்லை. பூட்ஸ் வாங்கினேன், ஸ்கீ சீசன் வாடகைக்கு, 158. நன்றி அண்ணை.

பழையதடி:
அந்த 185 இன்னும் இருக்கிறதா? விற்பவரின் விபரத்தைத் தனிமடலில் போடுங்கள்.