ரெய்டு கார்டு போய்விட்டது: மறுபடியும் கார்டா, லினக்ஸின் மென்பொருள் ரெய்டா?

ஏரிக்கரை:
வணக்கம். பெங்களூரு அல்சூரில் சிறிய போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். டெபியன் லினக்ஸ் ஓடும் சர்வரில் 4 டிபி டிஸ்க் நான்கு, ரெய்டு 5 ஆக (ஒரு டிஸ்க் கெட்டாலும் தரவு போகாதபடி பல டிஸ்குகளை ஒன்றாக இணைக்கும் முறை), அந்த வேலையைச் செய்யும் ஒரு ரெய்டு கார்டின் கீழ் இருந்தன. போன வாரம் மின்சாரம் போய் வந்தது. கார்டு அதோடு உயிரை விட்டது. டிஸ்குகளை மதர்போர்டில் நேரடியாக மாட்டினால் நான்கும் தனித்தனியாகத் தெரிகின்றன, ஒரு கோப்பும் தெரியவில்லை. உள்ளே ஆறு மாதக் கல்யாணங்கள், சுமார் 6 டிபி. எஸ்.பி. ரோடு கடைக்காரர் வேறு கம்பெனியின் பழைய கார்டு ஒன்றைக் காட்டி, "ரெய்டு 5 எல்லாம் ஒன்றுதான் சார்" என்கிறார். வாங்கலாமா? இல்லை, இனி கார்டே வேண்டாமா?

கம்பிவடம்:
ஒன்றல்ல. தரவைப் பிரித்து எழுதும் துண்டின் அளவு, பாரிட்டி (கெட்ட டிஸ்கின் தரவை மீட்க உதவும் கூடுதல் கணக்கு) டிஸ்குகளில் சுழலும் வரிசை, அமைப்பு விவரத்தை எழுதிவைக்கும் இடம் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புதிய கார்டு உங்கள் டிஸ்குகளைக் காலி என்று நினைத்து, புதிதாக உருவாக்கவா என்று கேட்கும். ஆம் என்று அழுத்தினால் கதை முடிந்தது.

முதலில் நான்கையும் டிடிரெஸ்க்யூ என்ற டிஸ்க் நகலெடுக்கும் கருவியால் நகல் எடுங்கள். பிறகு லினக்ஸின் மென்பொருள் ரெய்டுக் கருவியான எம்டிஏடிஎம்மின் எக்ஸாமின் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். அது படிக்க மட்டுமே செய்யும். சில கார்டுகள் டிடிஎஃப் என்ற பொது வடிவில் எழுதும், அதை லினக்ஸுக்கும் ஓரளவு படிக்கத் தெரியும். புதிய அணியை உருவாக்கும் கிரியேட் கட்டளையின் பக்கமே போகாதீர்கள்.

ஏரிக்கரை:
நகலுக்கு இன்னும் நான்கு டிஸ்கா! சரி, வாங்கிவிட்டேன். எக்ஸாமின் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

கம்பிவடம்:
அப்படியானால் அதே மாடல் கார்டுதான் எளிய வழி. மாட்டியதும் டிஸ்கிலுள்ள அமைப்பை 'அயல்' என்று காட்டும். இறக்குமதி செய்யுங்கள், பக்கத்திலேயே இருக்கும் 'அழி'யைத் தொடவேண்டாம்.

பழையதட்டு:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வேகத்துக்காகக் கார்டு என்பது பழைய கணக்கு. ரெய்டு 5 பாரிட்டி என்பது வெறும் எக்ஸ்ஆர், பிட்டுகளை ஒப்பிடும் எளிய கணக்கு. அதற்கு எந்த முறை வேகமானது என்று லினக்ஸ் கெர்னல் தானே சோதித்து எடுத்துக்கொள்ளும். நான்கு ஹார்டு டிஸ்க் போடும் வேகத்துக்கு இன்றைய பிராசஸர் வியர்க்காது. எம்டிஏடிஎம் தன் விவரத்தை டிஸ்கிலேயே எழுதிவைக்கிறது. இயந்திரம் எரிந்தாலும் டிஸ்குகளை வேறொரு லினக்ஸ் பெட்டியில் மாட்டினால் எழுந்துவிடும். உங்களுக்கு இந்த வாரம் இல்லாமல் போனது அதுதானே.

கார்டுக்கும் நியாயம் உண்டு. பேட்டரியுள்ள கேஷ் (எழுதவேண்டியதைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) இருந்தால், ஓயாமல் எழுதும் டேட்டாபேஸுக்கு நல்லது. ஆனால் பேட்டரி கிழடானால் பல கார்டுகள் சத்தமில்லாமல் கேஷை ஒதுக்கிவிட்டு மெதுவாகும்.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்திலோ லினக்ஸிலோ, ரெய்டு வேலையையும் தானே செய்யும் இசட்எஃப்எஸ் கோப்பு முறையை யோசித்தால், டிஸ்குகளை அதற்கு நேரடியாகக் கொடுங்கள். நடுவில் ரெய்டு கார்டு நின்றால், கெட்ட துண்டை இசட்எஃப்எஸ் கண்டுபிடிக்கும், ஆனால் சரிசெய்ய அதனிடம் மாற்றுப்பிரதி இருக்காது. மதர்போர்டு பயாஸில் வரும் 'ரெய்டு' பெரும்பாலும் டிரைவர் செய்யும் வேலைதான்; அதில் ஏமாறவேண்டாம். யூபிஎஸ் எப்படியும் வேண்டும்.

ஏரிக்கரை:
அதே கார்டு நான்காவது கடையில் கிடைத்தது. இறக்குமதி செய்தேன், கோப்புகள் அப்படியே இருக்கின்றன. நகல் எடுத்த நான்கு டிஸ்கையும் துடைத்து, எம்டிஏடிஎம்மில் ரெய்டு 10 (எல்லாவற்றையும் இரண்டு டிஸ்கில் எழுதும் முறை) போட்டிருக்கிறேன். 12 டிபிக்குப் பதில் 8 டிபிதான், பரவாயில்லை. இப்போது பழைய அணியிலிருந்து படங்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. முடிந்ததும் பழைய டிஸ்குகளை வீட்டில் வைக்கும் நகலுக்கு ஒதுக்கப்போகிறேன். தினமும் ஆல்பம் கேட்டு போன் செய்யும் மாப்பிள்ளையிடம் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டேன்.