பழைய மர வாஷிங் மெஷின்: எதையும் தொடாத இந்தப் பற்சக்கரம் எதற்கு?

ஓஹையோவாசி

வணக்கம். நான் இருப்பது அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தின் ஹோம்ஸ் கவுண்டி பக்கம். ஆமிஷ் மக்கள் (நவீன சாதனங்களைப் பெரும்பாலும் ஒதுக்கி வாழும் கிறிஸ்தவச் சமூகம்) நிறைய வாழும் பகுதி. ஏலங்களில் பழைய பண்ணைச் சாமான்கள் அடிக்கடி வரும். அப்படி வந்த ஒரு கையால் சுற்றும் வாஷிங் மெஷினை ஆசைப்பட்டு எடுத்துவிட்டேன். நான்கு காலில் நிற்கும் மரத்தொட்டி, கீல் போட்ட மூடி. மூடியின் ஓரத்தில் கைப்பிடியோடு ஒரு கனத்த வார்ப்பிரும்புச் சக்கரம். மூடிக்கு அடியில் ஒரு வட்டப் பலகை தொங்குகிறது. அதில் நான்கு மர முளைகள். தொட்டியின் உட்சுவரை வரிவரியாகச் செதுக்கியிருக்கிறார்கள். பெயர் எழுதியிருந்த இடத்தில் பெயிண்ட் உரிந்துவிட்டதால் யார் செய்தது என்று தெரியவில்லை.

சக்கரத்தைச் சுற்றினால் முளைப்பலகை நன்றாகவே சுற்றுகிறது. ஆனால் நாலு பழைய துண்டுகளைப் போட்டுப் பார்த்தேன்: கொஞ்ச நேரத்தில் எல்லாம் முளைகளைச் சுற்றிக்கொண்டு கயிறாகத் திரிந்துவிட்டன. அழுக்கும் போகவில்லை. இப்படி ஒரு சாமானை யார் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள் என்று தோன்றியது.

இன்னொரு குழப்பம். முளைப்பலகையின் தண்டில் மேலும் கீழுமாக இரண்டு பற்சக்கரங்கள் இருக்கின்றன. மேலே இருப்பது பெவல் கியர் (சரிவாகப் பல் வெட்டியது), கைச்சக்கரத்தின் ஷாஃப்டோடு சேர்ந்து ஓடுகிறது. கீழே இருப்பது சாதாரணப் பற்சக்கரம். அது எதையும் தொடவில்லை, சும்மா சுற்றுகிறது. அது எதற்கு?

தண்டு சதுரக் கம்பி. அது மேலும் கீழும் ஒரு சாண் அளவுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. ஆப்பு வைத்து இறுக்கவா? தொட்டியும் அடியில் ஒழுகுகிறது, சிலிக்கான் வாங்கி வைத்திருக்கிறேன். அடிக்கலாமா?

மரத்தச்சன்

தம்பி, அந்தச் சிலிக்கானைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்த மாதிரித் தொட்டியில் பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. நெட்டுப் பலகைகளை வட்டமாக நிறுத்தி வெளியே இரும்பு வளையம் போட்டு இறுக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். மரம் தண்ணீர் குடித்து ஊதி, ஒரு பலகை இன்னொன்றை நெருக்கும்போது இடுக்கு தானாக அடைபடும். கொட்டகையில் வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்தது ஒழுகத்தான் செய்யும். இடுக்கில் சிலிக்கான் போனால் பலகைகள் சேரவே சேராது. அப்புறம் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

தொட்டி ஒரு முனையில் சற்று அகலமாக இருக்கும், பாருங்கள். வளையங்களை அந்த அகலமான பக்கம் நோக்கி, மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் வளையம் கோணிக்கொள்ளும். மரம் காய்ந்திருக்கும்போது முழு பலத்தோடு இறுக்கவும் வேண்டாம். ஊதும்போது வளையம் தெறித்துவிடும். பிறகு உள்ளே ஈரச் சாக்கு சுற்றி வைத்து, பச்சைத் தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று நாள் ஒழுகட்டும், கவலைப்படாதீர்கள். உள்பக்கம் வார்னிஷ், எண்ணெய் எதுவும் கூடாது. பூசினால் மரம் தண்ணீரை இழுக்காது, ஊதாது. தொட்டி சைப்ரஸ் மரமாக இருந்தால் அதிர்ஷ்டம், ஈரத்தில் லேசில் அழுகாது.

பல்சக்கரம்

கோவையில் கியர் வெட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். துணி திரிவதற்கும் அந்தச் சும்மா சுற்றும் சக்கரத்துக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இந்த வகை மெஷினில் முளைப்பலகை ஒரே பக்கம் சுற்றவே கூடாது. முக்கால் சுற்று வலப்பக்கம், முக்கால் சுற்று இடப்பக்கம் என்று போய்வர வேண்டும். ஒரே பக்கமாகச் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் துணியும் பலகையின் வேகத்துக்கே சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும். ஒன்றோடொன்று உரசாது, அழுக்குப் போகாது. திசை மாறினால்தான் துணி ஒரு பக்கம், தண்ணீர் இன்னொரு பக்கம் என்று மோதும். துணி அந்த வரிச்சுவரிலும் போய்த் தேயும். நீங்கள் சுற்றியபோது அந்த வரிகளுக்கு வேலையே இருந்திருக்காது.

கையால் சக்கரத்தை ஒரே பக்கம்தான் சுற்றுவீர்கள். அதைப் போய்வரும் அசைவாக மாற்ற ஒரு ரேக் இருந்திருக்கும், அதாவது பல் வெட்டிய நேர்ச்சட்டம். சக்கரத்திலிருந்து ஒரு கனெக்டிங் ராடு அந்த ரேக்கைத் தள்ளி இழுக்கும். ரேக் அந்தக் கீழ்ச் சக்கரத்தை, அதாவது பினியனை, இப்படியும் அப்படியும் திருப்பும். ரேக் தொலைந்துபோய், யாரோ ஒரு புண்ணியவான் கையில் கிடைத்த பெவல் கியர் ஜோடியை மாட்டி, சுற்றினால் சரி என்று விட்டிருக்கிறார்.

இதுவரை ஊகம். நீங்கள் பார்த்துச் சொன்னால் உறுதியாகிவிடும். பினியன் பற்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே திசையில் ஓடியிருந்தால் ஒவ்வொரு பல்லிலும் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். போய்வந்திருந்தால் இரண்டு பக்கமும் தேய்ந்திருக்கும்; அதோடு முழுச் சுற்றும் போகாததால் சில பற்கள் கை படாமல் அப்படியே இருக்கும். பற்கள் எத்தனை, வெளிவிட்டம் எவ்வளவு என்றும் அளந்து சொல்லுங்கள். மூடியில் காலி போல்ட் ஓட்டை இருக்கிறதா?

சதுரக் கம்பிக்கு ஆப்பு வேண்டவே வேண்டாம். அது வழுக்கத்தான் வேண்டும். துணி அதிகமானால் பலகை மேலே ஏறும், குறைந்தால் கீழே வந்து உட்காரும். இறுக்கிவிட்டால் ஒன்று துணி கிழியும், இல்லை முளை ஒடியும்.

லீட்ஸ்காரி

நான் வடக்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன மியூசியத்தில் தொண்டு வேலை செய்கிறேன். அந்தக் காலத்தில் உடுப்புத் தோய்த்த சாமான்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவதுதான் என் பகுதி. கோவை அண்ணா சொன்னது மிகச் சரி.

மெஷின் வருவதற்கு முன்பு இங்கே டாலி என்று ஒன்று இருந்தது. இடுப்பளவு உயரத் தடி, அடியில் வட்டப் பலகையில் நாலைந்து மரக்கால்கள், மேலே பிடிக்கக் குறுக்குக் கட்டை. தொட்டிக்குள் உடுப்பின் மேல் அதை நிறுத்தி, இரண்டு கையாலும் குறுக்குக் கட்டையைப் பிடித்து வலமும் இடமுமாக முறுக்குவார்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் முதலில் எல்லாரும் குழம்பு கிண்டுவது போலத்தான் சுற்றுவார்கள். உடுப்பு காலில் சிக்கி டாலி அசையாமல் நின்றுவிடும். பிறகு தாங்களே முன்னும் பின்னும் ஆட்டத் தொடங்குவார்கள், யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

உங்கள் மூடிக்கு அடியில் தொங்குவது அதே டாலிதான், தடியைப் பிடித்த கைக்குப் பதிலாகப் பற்சக்கரம். 1874-ல் இண்டியானா மாநிலம் பிளஃப்டனில் வில்லியம் பிளாக்ஸ்டோன் என்பவர் தன் மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாகச் செய்ததாகச் சொல்லும் மெஷினும் இந்த வகை: மரத்தொட்டி, ஆறு முளை அடித்த பலகை, அதை முன்னும் பின்னும் திருப்பக் கைப்பிடியும் பற்சக்கரங்களும். பிறகு ஒன்று 2½ டாலருக்குச் செய்து விற்றார். பிறந்தநாள் பரிசு துவைக்கும் மெஷினா என்று அந்த அம்மா என்ன நினைத்தாரோ, அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

இங்கே பொஸர் என்று இன்னொரு சாமானும் உண்டு. தடியின் நுனியில் ஓட்டை போட்ட செம்புக் கூம்பு. அது சுற்றுவதில்லை, அமுக்கி இழுக்கும்போது தண்ணீரை உடுப்புக்குள்ளால் உறிஞ்சித் தள்ளும். துணிக்குச் சேதம் குறைவு. என்னைக் கேட்டால் டாலியை விட அதுதான் நல்ல யோசனை.

ஏன்_எதற்கு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். திசை மாறாமல் சுற்றினால் வேலைக்கு ஆகாது என்றால், 1782-ல் ஹென்றி சிட்ஜியர் இங்கிலாந்தில் பேட்டன்ட் வாங்கிய மெஷின் எப்படி? மரக்கம்பிகளால் ஆன கூண்டு, கைப்பிடியால் சுற்றுவது. அதில் ரேக்கும் இல்லை, பினியனும் இல்லையே?

பல்சக்கரம்

நல்ல கேள்வி. அது வேறு பரம்பரை. கூண்டு படுக்கைவாட்டில் சுற்றும்போது துணியை மேலே தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் போடும். அடிப்பது புவியீர்ப்பு. துணி சுற்றிக்கொள்ள நடுவில் முளை எதுவும் இல்லை. இன்றைய ஃப்ரண்ட் லோடருக்கு அதுதான் பாட்டன். ஆனாலும் ஃப்ரண்ட் லோடர் கூட நடுநடுவே நின்று எதிர்த்திசையில் சுற்றுவதைக் கவனித்திருப்பீர்கள், துணி முடிச்சுப் போடாமல் இருக்கத்தான்.

முளை உள்ள மெஷினுக்கு அந்தச் சலுகை இல்லை. அயோவாவின் நியூட்டன் ஊரில் விவசாயக் கருவி செய்துகொண்டிருந்த மேடாக் கம்பெனி 1907-ல் விட்ட முதல் மெஷினும் வரிச்சுவர் மரத்தொட்டியும் டாலியும்தான், கையால் சுற்றுவது. அதே கம்பெனி 1922-ல் டாலியை மூடியிலிருந்து எடுத்துவிட்டு, தொட்டியின் அடியில் துடுப்பு வைத்தது. அதன் பிறகு துணியைப் பிடித்து இழுக்கும் வேலை போய், தண்ணீரைத் துணிக்குள் தள்ளும் வேலை வந்தது. லீட்ஸ் அக்கா சொன்ன பொஸரின் தத்துவத்துக்கு மெஷின்காரர்கள் சுற்றி வளைத்து வந்து சேர்ந்தார்கள் என்று சொல்லலாம்.

ஓஹையோவாசி

பார்த்துவிட்டேன் சார். பினியனில் 12 பல், வெளிவிட்டம் 3½ அங்குலம். கிரீஸைத் துடைத்த பிறகு தெரிந்தது: ஒன்பது பற்கள் இரண்டு பக்கமும் தேய்ந்திருக்கின்றன, அடுத்தடுத்து மூன்று பற்களில் வார்த்தபோது இருந்த சொரசொரப்பு அப்படியே, பழைய பெயிண்ட் கூடப் போகவில்லை.

மூடியில் சக்கரத்தைத் தாங்கும் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் நான்கு காலி ஓட்டைகள். பிராக்கெட்டை 90 டிகிரி திருப்பி வைத்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது. தண்டுக்குப் பக்கத்தில் ஒரு நீளத் தடமும் இருக்கிறது. மரம் வழவழவென்று தேய்ந்து, கறுப்பு கிரீஸ் ஊறிக் கிடக்கிறது.

பல்சக்கரம்

அந்தத் தடத்தில்தான் ரேக் ஓடியிருக்கிறது. சந்தேகமே வேண்டாம்.

இனிக் கணக்கு. பல்லோடு இரண்டைக் கூட்டி வெளிவிட்டத்தால் வகுத்தால் 14 ÷ 3½ = 4. ஆக டயமெட்ரல் பிட்ச் (பிட்ச் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல் என்ற அளவு) 4, பிட்ச் விட்டம், அதாவது பற்கள் ஒன்றோடொன்று சேரும் வட்டத்தின் விட்டம், 12 ÷ 4 = 3 அங்குலம். ஒரு முழுச் சுற்றுக்கு ரேக் 9.42 அங்குலம் நகர வேண்டும். தேய்ந்தது 12-ல் ஒன்பது பல் என்றால் முக்கால் சுற்று, ஏறக்குறைய 7 அங்குல நகர்வு. அப்படியானால் கனெக்டிங் ராடு மாட்டிய இடம் சக்கரத்தின் மையத்திலிருந்து 3½ அங்குலத்தில் இருக்க வேண்டும். ஆரக்காலில் பாருங்கள், அங்கே ஓர் ஓட்டை இல்லையென்றால் நான் சொன்னது எல்லாம் வீண்.

ஓஹையோவாசி

இருக்கிறது! துரு அடைத்துப் பெயிண்ட் மூடியிருந்ததால் இதுவரை கண்ணில் படவில்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறது. மையத்திலிருந்து சரியாக 3½.

ரேக் எங்கே வாங்குவது? சக்கரம் ஏன் இவ்வளவு கனம் என்றும் சொல்லுங்கள். தொட்டி இப்போது ஒழுகவில்லை, லேசாகக் கசிகிறது, அவ்வளவுதான். பக்கவாட்டில் இருக்கும் பிழியும் உருளைகளைப் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது.

லீட்ஸ்காரி

உருளைகளை இறுக்கியபடியே விட்டுவிட்டிருப்பார்கள், அதனால்தான் தட்டை. ரப்பர் விரலால் அமுக்கினால் கொஞ்சமாவது உள்ளே போகிறதா பாருங்கள். கல்லாகிவிட்டிருந்தால் உருளைக்குப் புது ரப்பர் போட்டுக் கொடுக்கும் இடங்கள் இருக்கும், விசாரியுங்கள். வேலை முடிந்ததும் மேல் திருகைத் தளர்த்திவிட வேண்டும். பொத்தான் இருக்கும் சட்டையை மடித்து, பொத்தான் உள்ளே போகும்படி கொடுங்கள்.

இன்னொன்று, அந்தப் பெயிண்ட். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978-ல்தான். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தூள் மூக்கில் போகும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் கவனம்.

பல்சக்கரம்

ரேக் ஓட ஓட, இரண்டு கோடியிலும் ஒரு கணம் நின்று திரும்ப வேண்டும். அந்த இடத்தில் கை சறுக்காமல் தாண்டித் தூக்கிக்கொண்டு போகத்தான் சக்கரத்துக்கு அந்தக் கனம். லேசான சக்கரம் போட்டால் ஒவ்வொரு கோடியிலும் தோள்பட்டை இடிக்கும்.

ரேக் கடையில் கேட்கும்போது டயமெட்ரல் பிட்ச் 4, பிரஷர் ஆங்கிள் (பல்லின் பக்கச் சரிவு) 14½ டிகிரி என்று கேளுங்கள். இப்போது சாதாரணமாகக் கிடைப்பது 20 டிகிரி, பழைய பினியனோடு சேராமல் கடகடவென்று சத்தம் போடும். 10 பல் நீளம் இருந்தால் 7.85 அங்குலம், போதும். இரண்டு பக்கமும் பிடிக்க இடம் விட்டு வாங்குங்கள். கடையில் கிடைக்காவிட்டால் உங்கள் பக்கத்து ஆமிஷ் பட்டறைகளில் பினியனைக் கழற்றிக் காட்டுங்கள். இன்னும் ரிங்கர் மெஷினில் (பிழியும் உருளை வைத்தது) துவைக்கிறவர்கள், இந்தச் சாமான் அவர்களுக்குப் புதிதல்ல.

சக்கரம் வார்ப்பிரும்பு, அதில் வெல்டிங் வைத்துவிடாதீர்கள், விரிசல் விடும். பழைய ஓட்டையிலேயே ஒரு ஷோல்டர் போல்ட் (ராடு சுழல வழவழப்பான கழுத்து உள்ளது), பின்னால் காசில் நட் (தலையில் வெட்டுகள் உள்ளது), அது கழலாமல் குறுக்கே செருக காட்டர் பின். சும்மா நட் மட்டும் போட்டால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தளர்ந்து, ராடு கழன்று முழங்காலில் விழும். பெவல் கியர் ஜோடியைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், அடுத்த ஏலத்தில் வேறு எதற்காவது ஆகும்.